பள்ளிக்கூட முக்கு விளக்கு

— மெதுவா பேசு. குருவி தூங்குறா.

— தூங்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இந்த ஆஸ்பத்திரிக்குக் கீழ பள்ளிக்கூட முக்குல சிக்னல் எரியுதே, யாரு போட்டது?

— கட்டிலை ஏன் சுவரோரமா தள்ளியிருக்காங்க? ஜன்னல் பக்கம்தானே கிடந்துச்சு.

— பேச்சை மாத்தாதீங்க. டாக்டர்தான் தள்ளச் சொன்னாரு. இனிமே அவளை உக்கார வைக்கக் கூடாதாம். நாள் பூரா அந்த ஜன்னல்லயே கண்ணை வச்சிக்கிட்டிருந்தா, அதுவும் போச்சு. இப்ப சொல்லுங்க. ரெண்டு மாசமா குருட்டுக் கம்பமா நின்னது, காலையில கண்ணைத் தொறந்திருக்கு. யாரு தொறந்தது?

— நான்தான். ரோடு இன்ஜினியர் கையெழுத்துப் போடாம அது எப்படி எரியும்?

— என்கிட்ட என்ன சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லல.

— ஆமா, வாயைத் தொறந்து சொல்லல. தலையை மட்டும் ஆட்டினீங்க. இதே கட்டில் பக்கத்துல, இதே மாதிரி அவ தூங்கும்போது, உங்க காலைப் புடிக்காத குறையா கெஞ்சினேன். நம்ம பொண்ணுக்கு ஒரு இதயம் கிடைக்கிற வரைக்கும் அந்த ஒரு முக்கை மட்டும் விளக்கு போடாம விட்டுடுங்கன்னேன். தலையாட்டினீங்களா இல்லையா?

— ஆட்டினேன். முதல்ல இதை வாங்கி எங்கயாவது வை. கை வலிக்குது.

— என்னது இது, கேடயமா?

— ஆபீஸ்ல பாராட்டு விழா. நம்ம வட்டாரத்துல ரோட்டுச் சாவு பாதியா குறைஞ்சிருச்சு. விழா முடிஞ்சதும் நேரா இங்கதான் வரேன்.

— நல்ல நாள் பாத்துக் குடுத்தாங்க. மேடையில பேசினீங்களா?

— காரணம் கேட்டாங்க. சொன்னேன்.

— எனக்கும்தான் சொல்லுங்களேன்.

— விடு.

— ஊருக்கே சொன்னதைக் கட்டினவகிட்ட சொல்ல என்ன வெக்கம்?

— ரோட்டுக்கு நடுவுல தடுப்புச் சுவர் வச்சோம். வளைவுல விளக்கு போட்டோம். ஹெல்மெட் இல்லாதவனை போலீஸ் விடுறதில்ல. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருது. கணக்குப்படி பாத்தா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல.

— இதே காரணத்தை இங்க வேற மாதிரி சொல்றாங்க. உறுப்பு தானம் பாக்குற அந்தம்மா என்னை உக்கார வச்சு சொன்னாங்க. முன்னெல்லாம் தலையில அடிபட்டு, மூளை செத்து, இதயம் மட்டும் துடிச்சிக்கிட்டு வருவாங்களாம், எல்லாம் சின்ன வயசு. இப்ப அப்படி வர்றது குறைஞ்சு போச்சாம். “நல்ல விஷயம்தான்மா, ஆனா உங்க பொண்ணு இன்னும் காத்திருக்கணும்”னாங்க. அந்த நல்ல விஷயத்தைச் செஞ்ச மகராசன் என் வீட்டுக்காரர்தான்னு நான் சொல்லல.

— சொல்லியிருக்கலாம்.

— சொன்னா கையைக் குலுக்குவாங்களா? போங்க நீங்க. அடுத்தவ பெத்த புள்ள சாகணும்னு எனக்கென்ன ஆசையா? ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா நான் எழுந்து நிக்கிறேன். யாரோ ஒருத்தியோட வயிறு எரியிற நேரம் அது. எனக்கு மட்டும் வாசல்ல யாரோ நல்ல சேதி கொண்டு வந்த மாதிரி இருக்கு. அப்புறம் என்னையே எனக்குப் புடிக்கல. நான் என்ன பொம்பளைங்க?

— நீ மட்டும் இல்ல.

— உங்களுக்கு என்ன? கல்லு, மண்ணு, தாரு. அதோட போச்சு.

— போன வாரம் அந்த முக்குல ஒருத்தன் பைக்கோட விழுந்தான். நான் இங்கதான் வந்துக்கிட்டிருந்தேன், உனக்கு மாத்துத் துணி எடுத்துக்கிட்டு. அவன் தலை தரையில மோதின சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஓடினேன்.

— என்கிட்ட சொல்லவே இல்லையே.

— எந்த வாயால சொல்றது? ஓடும்போது முதல்ல என் மனசுல என்ன வந்துச்சு தெரியுமா? இவன் பொழைப்பானான்னு வரல. இவன் ரத்த வகை என்னவா இருக்கும்னு வந்துச்சு.

— ஐயோ.

— அவன் எழுந்து உக்காந்துட்டான். ஹெல்மெட்டைக் கழட்டினான். “தெரியாத ஆளுக்கு இப்படி ஓடி வரீங்களே சார், நீங்க நல்லா இருக்கணும்”னான். தண்ணி வாங்கிக் குடுத்தேன். குடுக்கும்போதும் உள்ளுக்குள்ள எனக்கு ஏமாந்த மாதிரி இருந்துச்சு. ஏமாந்த மாதிரி! வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து, ஒருத்தனும் ரோட்டுல சாகக் கூடாதுன்னு அலைஞ்சவன் நான்.

— அழாதீங்க. அவ முழிச்சிக்குவா. இந்தாங்க துண்டு, மூஞ்சியைத் துடைங்க.

— அதைப் பாத்த பிறகும் நான் விளக்கைப் போடலை. அதான் என்னை அறுக்குது.

— அப்புறம் எதுக்கு இன்னிக்குப் போட்டீங்க? கேடயம் குடுக்கிறாங்கன்னா?

— சே. ஒரு பொண்ணு போட வச்சுது.

— எந்தப் பொண்ணு?

— பேரு தெரியாது. ஆபீஸ் புகார் நம்பருக்கு தினமும் போன் பண்ணும். கிளார்க்தான் எடுப்பாரு. “பள்ளிக்கூட முக்குல சிக்னல் நட்டு வச்சிருக்கீங்களே, அது எப்ப எரியும்”னு கேக்குமாம். கரண்ட் இணைப்பு வரலன்னு சொல்லச் சொன்னேன். மறுநாள் திரும்பவும் போன். “சின்னப் பசங்க கையைக் கோத்துக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிறாங்க, பாத்துக்கிட்டிருக்க முடியல”ன்னு.

— யாரு என்னன்னு கேக்கலையா?

— கேட்டாராம். “பக்கத்துல இருக்கிறவ”ன்னு சொல்லிட்டு வச்சிடுமாம். ஒரு நாள் கிளார்க் என் மேஜைக்கே வந்துட்டாரு. “சார், அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குது. அந்த ரோட்டை ஓடித்தான் கடக்குது போல. உங்க பொண்ணு வயசுதான் இருக்கும், பாவமா இருக்கு சார்”னாரு. அது அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு. கண்ணை மூடினா, உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு ஒரு பொண்ணு அந்த முக்குல ஓடுது.

— அதுக்காக?

— கணக்குப்படி பாத்தா அதுவும் ஒரு பொண்ணு, இவளும் ஒரு பொண்ணு. தராசு சமமாத்தான் நிக்குது.

— எனக்குச் சமம் இல்ல. எனக்கு என் பொண்ணுதான் கனம்.

— எனக்கும்தான். அதனாலதான் ரெண்டு மாசம் ஆச்சு.

— டாக்டர் இன்னிக்கு “இனி கொஞ்ச நாள்தான்”னாரு. எவ்வளவு கொஞ்சம்னு கேக்க எனக்கு வாய் வரல. எங்க நிக்கிறோம்னு தெரியுதுங்களா உங்களுக்கு?

— தெரியுது. இங்க வா. கீழ பாரு. பள்ளிக்கூடம் விட்டுட்டாங்க.

— எவ்வளவு பசங்க! லாரிக்காரன் கூட நிக்கிறானே.

— நிப்பான். சிவப்பு விழுந்தா நின்னுதானே ஆகணும். அந்தப் பொண்ணும் இன்னிக்கு ஓடாம நடந்து போயிருக்கும்.

— அவளைப் பெத்தவ குடுத்து வச்சவ. நல்லா இருக்கட்டும். வாய்தான் சொல்லுது, மனசு இன்னும் சொல்லல. எனக்கு இப்ப அந்தப் பொண்ணு மேல கோவமா வருது. ஒரு போனை வச்சிக்கிட்டு என் வயித்துல மண்ணைப் போட்டுட்டாளே.

— அம்மா... அப்பாவைத் திட்டாத.

— குருவி! எப்பம்மா முழிச்ச?

— நான் தூங்கவே இல்ல. அன்னிக்கு... நீ கெஞ்சினப்பவும்... தூங்கல.

— கண்ணு, பேசாத. மூச்சு வாங்குது பாரு.

— அப்பா... சிக்னல் எரியுதா? இங்க இருந்து... எனக்குத் தெரியல.

— எரியுதுடா. பசங்க நடந்து போறாங்க. ஒருத்தரும் ஓடல.

— அப்ப... உங்க கிளார்க் சார்கிட்ட சொல்லிடுங்கப்பா. இனிமே... நான் போன் பண்ண மாட்டேன்னு.