கோட்டுக்கு இருபதடி முன்னால்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தொழிலாளர் சங்கத் தலைவர் ராஜாமணி அவர்களே, நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் பர்சனல் ஆபீசர் ரகுபதி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோதண்டராமன் அண்ணனின் துணைவியார், அண்ணி கிளியம்மாள் அவர்களே, அவருடைய தம்பி கோபால் அவர்களே, மறைமலை நகர் ஞாயிறு ஓட்டக் கழகத்தின் தோழர்களே, முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் முனிரத்தினத்தின் வணக்கம்.

நிற்பவர்கள் மன்னிக்க வேண்டும். ஐம்பது நாற்காலிதான் போட்டோம். மறைந்தவர் டைம் ஆபீஸ் கிளார்க். ஒரு தொழிற்சாலையில் சங்கம், கட்சி, சாதி, மதம் எல்லாம் கடந்து எல்லோரும் ஒற்றுமையாகத் திட்டுகிற ஆள் ஒருவர் உண்டென்றால், அவர் டைம் ஆபீஸ்காரர்தானே? அவருக்கு இருநூறு பேர் வருவார்கள் என்று எந்த ஜோசியக்காரன் சொல்லியிருப்பான்?

நம் கோதண்டராமன் அவர்கள் பதினொரு ஆண்டுகள் அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஏழு மணி ஷிப்டுக்கு ஏழு ஒன்றுக்கு கார்டு அடித்தால் சிவப்பில் விழும். என்னுடைய கார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோயில் மதில் மாதிரி வெள்ளையும் சிவப்புமாக இருக்கும். ஒரு நாள் கெஞ்சினேன். "அண்ணே, ஒரே ஒரு நிமிஷம்ணே." அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நிமிஷம் இன்னா எங்க அப்பன் வூட்டு சொத்தா, ஒனக்குத் தூக்கிக் குடுக்க? நாளைக்கு ஒரு நிமிஷம் முன்ன வா." இவ்வளவுதான். அந்த ஜன்னலில் இரக்கத்துக்கு இடமில்லை.

அதே மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்பார். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் நான்கு பேரோடு ஆரம்பித்த கழகம் இது. கேட்டிலிருந்து ஒரகடம் சாலையில் ஏரி வரை ஓடி, திரும்பி வருவோம். அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். அதில் ஓடியவர்கள் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும், நேரம் மட்டும் ஒன்றே ஒன்று இருக்கும். யாருடைய நேரம் அது? கடைசியாக வந்தவருடைய நேரம். அதுதான் எல்லோருடைய நேரமும். நாற்பது நிமிடத்தில் வந்தவனுக்கும் அதுதான், ஒன்றரை மணி நேரத்தில் வந்தவனுக்கும் அதுதான். "கடைசி ஆள் வந்தாச்சா?" என்று கேட்பார். வந்தாச்சு என்றால்தான் பேனாவைத் திறப்பார்.

வாரம் ஆறு நாளும் ஒரு நிமிடத்துக்கு உயிரை எடுக்கிறவர், ஏழாம் நாள் அரை மணி நேரத்தை அள்ளிக் கொடுக்கிறாரே, இது என்ன நியாயம் என்று நாங்கள் அவரைக் கேலி பேசுவோம். சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவிடுவார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். பேசிக்கொண்டே ஓட வேண்டும். அவர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால், யார் தடுமாறுகிறார்களோ அவர்கள் பக்கத்தில், பேசிக்கொண்டே வருவார். கத்தரிக்காய் விலை பேசுவார், பொங்கலுக்கு வாங்கிய கடிகாரம் நின்றுபோனதைப் பேசுவார். இதோ ஒயரிங் செக்ஷன் லீலா உட்கார்ந்திருக்கிறார். சேர்ந்த முதல் நாள், அரைக் கிலோமீட்டரில் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கோதண்டராமன் அவர்கள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மீன் குழம்புக்கு மாங்காய் எப்போது போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் லீலா எழுந்து ஏரி வரை போய்விட்டார்.

தங்களை விடப் பலவீனமானவர்களுக்காகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிற மனிதர்கள் உலகத்தில் எத்தனை பேர்? நம் அண்ணன் அப்படிப்பட்டவர் என்று நான் இதே ஊரில் மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். அது தவறு என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பிப்ரவரி மூன்றாம் தேதி, சென்னையில் நடந்த அரை மாரத்தான் ஓட்டத்துக்கு நாங்கள் பதினொரு பேர் போனோம். இருபத்தொரு கிலோமீட்டர். முதல் ரயிலைப் பிடித்துப் போய், கடற்கரையில் பனியனில் நம்பர் குத்திக்கொண்டு நின்றோம். நான் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று கேன்டீனில் ஒரு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் பிரஸ் ஷாப் முழுவதற்கும் அது தெரியும். அதனால் வேகமாக ஓட ஆசை. ஆனால் கிளம்பும்போது அண்ணன் முகம் சரியில்லை என்று பட்டது. அவர் கூடவே ஓடினேன்.

அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் அவர் பேச்சு நின்றுபோனது. ஆறு ஆண்டுகளில் முதல் தடவை. நான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நீ போ முனி, நான் வந்துகினே கீறேன்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நின்றிருக்க வேண்டும். கழகத்தின் விதி அதுதான். நான் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், ஓடிவிட்டேன்.

முடிவுக் கோடு தெரிகிற இடத்துக்கு வந்தபோது ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. கோட்டுக்கு இருபதடி முன்னால், நடுச்சாலையில், நம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் உட்கார்ந்தவன் வசந்தகுமார். ஒரு மணி இருபத்தொரு நிமிடத்தில் வந்தவன். நேரே போயிருந்தால் முதல் பத்துப் பேரில் ஒருவன், கோப்பை நிச்சயம். அமைப்பாளர் ஒருவர் கையில் ஒலிபெருக்கியோடு அவனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாராம். பக்கத்திலிருந்தவர்கள் எனக்கு அப்படியே சொன்னார்கள்.

"ஏம்பா, கால் புடிச்சிகிச்சா?"

"இல்ல சார். எங்க ஆளு ஒருத்தரு வரணும்."

"அதுக்கு இன்னா, கோட்டத் தாண்டிட்டு ஒக்காரு."

"தாண்டிட்டா வந்துட்ட மாதிரி ஆயிடும் சார். இன்னும் நாங்க வர்ல."

அந்த அமைப்பாளர் இதைப் புரிந்துகொள்ள முயற்சி செய்து கைவிட்டுவிட்டார். உலகத்தில் எந்த ஓட்டக்காரனும் செய்யாத பிழை இது. கோட்டைத் தாண்டியபின் காத்திருக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு ஆண்டுப் பழக்கம் அப்படி.

எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. இருபதடி இருந்தது. "அண்ணன் எங்க?" என்று வசந்தகுமார் கேட்டான். "பின்னாலதான் வராரு" என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் எப்படி உட்கார்ந்திருப்பான்? ஒன்றரை மணி நேரம் அந்தத் தார்ச்சாலையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று மணி இருபத்தாறாவது நிமிடத்தில் அண்ணன் கைவீசி நடந்து வந்தார். பத்துப் பேரும் எழுந்து, அவரோடு ஒன்றாகக் கோட்டைத் தாண்டினோம். அண்ணன் ரயிலில் நோட்டைத் திறந்து, மூன்று மணி இருபத்தாறு என்று எழுதினார். என் பெயருக்கும் அதே நேரம்தான்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். வயது நாற்பத்தொன்பது. சுடுகாட்டில் கோபால் அவர்கள் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். "ஓட வச்சே சாவடிச்சிட்டீங்களேடா." எனக்கு அடையாறு பாலம்தான் கண்ணில் நின்றது. மறுநாள் கழகத்தின் பெயரால் யாரும் ஓடக்கூடாது என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. ஒட்டாவிட்டாலும் ஓடியிருக்க மாட்டோம். இரண்டு ஞாயிறு போயின. ரயில்வே கேட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. கழகத்தைக் கலைத்துவிடலாம் என்று நானே சொன்னேன்.

வியாழக்கிழமை லீலாவும் நானும் அண்ணியைப் பார்க்கப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலிலேயே நின்றேன்.

"இன்னா தம்பி, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வெளியவே நிக்கறே? உள்ள வா" என்றார் அண்ணி.

"அண்ணி, அன்னிக்கு நான் அவர அடையாறு பாலத்துகிட்ட வுட்டுட்டுப் போயிட்டேன்."

"தெரியும். வந்து சொன்னாரு." இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதற்குள் பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டு. இந்தச் சபையில் சொல்ல அண்ணி அனுமதி கொடுத்திருக்கிறார், அதனால் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"அவருக்கு நெஞ்சுல வால்வு சுருங்கிப்போயி கீதுன்னாங்க. அப்போ முப்பத்தெட்டு வயசு. நாப்பதத் தாண்டறதே கஷ்டம்னாங்க. அதுக்கோசரம்தான் லேத்து வேலைய வுட்டுட்டு டைம் ஆபீஸ்ல ஒக்காந்தாரு. கனம் தூக்காதே, வேகமா ஓடாதே, மெள்ளப் போன்னு டாக்டர் சொன்னாரு. வாயில பேச்சு வர்ற வரைக்கும் போ, பேச்சு நின்னா நீயும் நில்லுன்னாரு."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. லீலாதான் முதலில் சிரித்தார். துக்க வீட்டில் சிரித்தோம், அண்ணியும் சிரித்தார். அய்யா, அந்த மனிதர் நமக்காகப் பின்தங்கவில்லை. அவரால் அதற்கு மேல் ஓட முடியவில்லை. பேசிக்கொண்டே ஓடு என்று நமக்கு உபதேசம் செய்தாரே, அது அவர் நெஞ்சுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. கடைசி ஆளின் நேரம்தான் எல்லோருக்கும் நேரம் என்று சட்டம் போட்டாரே, அந்தக் கடைசி ஆளே அவர்தான். ஆறு ஆண்டுகள் ஒரு கழகத்தையே ஏமாற்றியிருக்கிறார். டைம் ஆபீசில் நாங்கள் ஒரு நிமிடம் ஏமாற்ற முடிந்ததா அவரை?

"ஏன் அண்ணி எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா எவன் எங்கூட ஓடுவான், எல்லாம் பாவம் பாத்துகினு நடப்பானுங்கன்னு சொல்வாரு."

அடையாறு பாலத்தில் என்ன நடந்தது என்பதும் தெரிந்தது. பேச்சு நின்றது, அவரும் நின்றுவிட்டார். டாக்டர் சொன்னபடி. டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்து, ஒரு பொறை ரொட்டியை நனைத்துத் தின்று, ஆற அமர நடந்து வந்திருக்கிறார். "முனி கூட இருந்திருந்தா டீ குடிக்க வுட்டிருப்பானா? பயந்துபோயி என்னத் தோள்ல போட்டுகினு ஓடியிருப்பான். நல்லவேள, போயிட்டான்" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தோழர்களே, ஏழு வாரமாக என் நெஞ்சில் கிடந்த கல் ஒன்று அங்கே இறங்கியது. நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். துக்கத்தால் அழுததைவிட ஆறுதலால் அழுததுதான் அதிகம். கடைசி நாள் வந்து பார்த்த டாக்டரும் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்த நெஞ்சு பதினொரு வருஷம் தாங்கியதே ஆச்சரியம் என்றாராம். "ஓட்டம் அவரக் கொல்லல தம்பி. அந்த ஞாயித்துக்கெழமதான் அவர இத்தினி நாள் இழுத்துகினு வந்துது" என்றார் அண்ணி. சீட்டைப் பற்றி ஒன்றும் அறியாத கோபால் அவர்கள் அன்று அங்கேயே இருந்தார். அதை வாங்கி இரண்டு முறை படித்தார். என் கையைப் பிடித்து, "தெரியாம பேசிட்டேன், மன்ச்சிகோங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

அந்த நோட்டீசை ஒட்டிய ரகுபதி அவர்கள் இன்று காலை அவர் கையாலேயே அதைக் கிழித்தார். அதோடு நிற்கவில்லை. கழகத்தில் ஓடுகிற ஒவ்வொருவரின் நெஞ்சையும் கம்பெனி டாக்டர் சோதிக்க ஏற்பாடு செய்திருக்கிறார். இனி நம்மில் யாரும் ஒரு சீட்டை பிளாஸ்டிக் கவரில் மறைத்துக்கொண்டு ஓட வேண்டாம். சொல்லுங்கள், கூடவே ஓடுவோம், பாவம் பார்க்க மாட்டோம்.

நாளை ஞாயிறு. ஐந்தரை மணிக்கு ரயில்வே கேட்டில் கூடுகிறோம். கடைசி ஆளாக ஓடுகிற வேலையை இனி ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஏற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் வாரம் எனக்குத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். பின்னால் வருகிறவர்களோடு பேசிக்கொண்டே வருவேன். யாராவது நின்றால் நானும் நிற்பேன். என் கையில் கடிகாரம் இருக்காது.

நேற்று அண்ணி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில், கடைசியாக ஓடிய ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே, கோதண்டராமன் அவர்கள் மறைந்த நாளையும் நேரத்தையும் எழுதி முடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். கழகத்தின் விதி ஞாபகம் வந்தது, மூடிவிட்டேன். இந்தத் தடவை அவர் நம்மை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார், அவ்வளவுதான். எங்கேயோ ஒரு கோட்டுக்கு இருபதடி முன்னால் உட்கார்ந்து, எழுந்து வா என்று மன்றாடுகிறவரிடம், இன்னும் எங்க ஆளுங்க வர்ல என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் வந்துகொண்டுதான் இருக்கிறோம் அண்ணே. மெதுவாகத்தான் வருவோம், பேசிக்கொண்டே.