இந்த முறை நான் வந்தேன்

கரண்ட் போனால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள் சார். மின்விசிறி நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது. எத்தனையோ கட்டடங்களில் நானே கரண்டை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று கவனித்திருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. என் தொழில் அதுதான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் கைகொடுக்கிறதா என்று ஆஸ்பத்திரிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் போய்ச் சோதித்துப் பார்ப்பது. ஆஸ்பத்திரியில் எனக்கு ‘இருட்டு சார்’ என்று பெயர். என் மனைவிக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். ஊர் இருட்டையெல்லாம் பார்த்துவிட்டு வாங்க, நம் வீட்டுக் குளியலறை பல்பு மூன்று மாதமாகக் கண்ணடிக்கிறது என்பாள்.

வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் பேனல் என்று ஒன்று உண்டு, அது கட்டடத்தின் லோடை, அதாவது மின்சுமையைத் தூக்கி ஜெனரேட்டர் மேல் வைக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் விளக்கு எரிந்துவிடும். அந்தப் பேனலில் ஒரு குமிழ் இருக்கும். ‘ஆட்டோ’வில் இருந்தால் எல்லாம் தானாக நடக்கும். ‘மேனுவல்’ பக்கம் திருப்பிவிட்டால், ஆள் வந்து கையால் போட்டால்தான் உண்டு. சோதிக்கும்போது மேனுவலில் வைப்போம். எங்கள் தொழிலில் பெரிய விபரீதம் சோதனை நடக்கும்போது வருவதில்லை. எல்லாம் சரி என்று கையைத் துடைத்துக்கொண்டு, குமிழைத் திருப்ப மறந்து வீட்டுக்குப் போவதில்தான் வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டு சிலிண்டரை மூடாமல் ஊருக்குப் போகிற மாதிரி.

அதனால் எனக்கு ஒரு பழக்கம். குமிழை மேனுவலுக்குத் திருப்பியதும் என் பைக் சாவியை அதில் மாட்டிவிடுவேன். சாவி இல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது அல்லவா? முதல் தடவை நீங்கள் விசாரித்தபோது, குமிழைத் திருப்ப மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன், “சாவிய மாட்டாம இவரு அந்தக் குமிழ்ல கையே வைக்க மாட்டாரே” என்று சொன்னாராம். வெள்ளந்தி மனிதர். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறார். அன்று சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் மறக்கவில்லை சார்.

என் மனைவிக்கு வந்தது நரம்பு நோய். காலில் மரத்துப்போய் ஆரம்பித்து மேலே மேலே ஏறும். குணமாகிவிடும், ஆனால் மார்புவரை ஏறிவிட்டால் அது இறங்கும்வரை மெஷின்தான் மூச்சுவிட வேண்டும். கால் விழுந்த அன்று எனக்குப் போன் செய்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்டது. அவள் பெயரைப் பார்த்தேன். லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம், முடித்துவிட்டுப் பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து வீட்டார் வந்து தூக்கும்வரை சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறாள்.

அவளைச் சேர்த்தது நான் சோதிக்கிற அதே ஆஸ்பத்திரி. மூச்சு மெஷின் வைத்த அறையில் மூன்று கட்டில்கள். ஒன்றில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், இன்னொன்றில் ஒரு தையல்காரப் பெண். அந்தப் பெண்ணின் கணவர் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். நானும் தினமும் போவேன். தலை வாரிவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன், ஊர்க்கதை சொல்வேன். தொண்டையில் குழாய் இருந்ததால் அவளால் பேச முடியாது. என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் ஒரு வார்த்தைகூடச் சண்டை போடாமல் இருந்தது அந்த மாதங்களில்தான்.

பிறகு உடம்பு தேறியது. காலையில் கொஞ்ச நேரம் மெஷினைக் கழற்றிவிட்டால் தானாகவே மூச்சுவிட்டாள். விரல்கள் அசைந்தன. குழாயில் ஒரு சின்ன மூடி போட்டுப் பேசப் பழக்கினார்கள். முதலில் என்ன கேட்பாள், எப்போது வீட்டுக்குக் கூட்டிப் போவீங்க என்பாள் என்று காத்திருந்தேன். பல்பைக்கூட மாற்றி வைத்திருந்தேன்.

“நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க” என்றாள்.

சரி, கொஞ்ச நாள் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்றேன்.

“வர்றதுக்காகப் போகல.”

ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள். நான் போன் எடுக்காத கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“நீங்க எடுக்கலன்னு இல்ல. எடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டேன். கீழ கெடக்கும்போது அதுதான் தோணிச்சு. இத்தன வருஷமும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கேன்னு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பஸ்ஸுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போகிறவர் வருகிறவரெல்லாம் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அழுது முடித்ததும் புத்தி தெளிவாக வேலை செய்தது. கூப்பிட்டால் வரமாட்டேன் என்பது அவள் எண்ணம். எண்ணத்தை மாற்ற ஒரே ஒரு தடவை போதும். அவளுக்கு மூச்சு முட்ட வேண்டும், நான் வந்து நிற்க வேண்டும். இதில் அவளுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். அந்த அறையிலேயே சிறிது நேரம் தானாக மூச்சுவிடக் கூடியவள் அவள் ஒருத்திதான். மெஷின்களுக்குள் இருக்கும் பேட்டரிகள் கிழடு தட்டியவை. முந்தின சோதனையிலேயே அதைப் பார்த்துவிட்டேன். வழக்கமாக உடனே சொல்லிவிடுவேன், இந்தத் தடவை சொல்லவில்லை.

சோதனைக்கு முன்னால் ஒவ்வொரு வார்டுக்கும் தகவல் சொல்வது எங்கள் முறை. நர்ஸுகள் கட்டிலுக்கு ஒருவராக, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையோடு நிற்பார்கள். அன்று யாருக்கும் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியனைப் பக்கத்துக் கட்டடத்து மீட்டரைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினேன். குமிழை மேனுவலில் வைத்தேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். ஜெனரேட்டர் அறையைப் பூட்டிக்கொண்டு மேலே போனேன். படியில் ஓடவில்லை. மூச்சு வாங்கினால் பையை ஒரே சீராக அழுத்த வராது.

ஜன்னல் இல்லாத அறை சார் அது. நர்ஸ் ஒருவர்தான் இருந்தார், செல்போன் விளக்கை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு டிரைவருக்குப் பையை அழுத்திக்கொண்டிருந்தார். மூன்று மெஷின்களும் கத்திக்கொண்டிருந்தன. நான் நேரே என் மனைவியிடம் போனேன், பையைப் பொருத்தினேன், அழுத்தினேன். “வந்துட்டேன் பாரு” என்றேன். அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கத்துவதை நிறுத்தின. அந்த நர்ஸ் டிரைவரிடமிருந்து தையல்காரப் பெண்ணிடம் ஓடினார், அங்கிருந்து திரும்ப ஓடினார். ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லா வார்டிலும் அதே கூச்சல், யார் வருவது?

“சார், ஒங்களுக்குத்தான தெரியும், கீழ போயி போட்டுவிடுங்க சார். அம்மா கொஞ்ச நேரம் தானா மூச்சு விடுவாங்க, நான் பாத்துக்கறேன்” என்று கெஞ்சினார்.

உண்மைதான். பூட்டின் சாவி என்னிடம்தான் இருந்தது. இறங்கிப் போய்க் குமிழைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் நான் போயிருந்தால், பாதியில் விட்டுப் போனவன் ஆகியிருப்பேன். மறுபடியும் ஜெனரேட்டர் அறைக்குத்தானே போனார் என்று அவள் நினைத்திருப்பாள். இவளை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எலக்ட்ரீஷியன் திரும்பி வந்து பூட்டை உடைத்து விளக்கு எரியும்வரை என் கை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தது.

டிரைவரும் போய்விட்டார், அந்தப் பெண்ணும் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் கொடுக்கப் பார்த்து, நர்ஸால் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், சின்ன வயது. கண்ணாடிக்கு வெளியே குழந்தையோடு நின்றிருந்தவரைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஆமாம் சார், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரமும் அவள் கை என் மணிக்கட்டின் மேல் இருந்தது. அவள் என் கையைத் தள்ளித் தள்ளி, அடுத்த கட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தாள் என்று நர்ஸ் சொல்கிறாராம். ஒரு செல்போன் வெளிச்சத்தில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். அவளும் உங்களிடம் நர்ஸ் சொன்னபடியேதான் சொன்னாள் என்கிறீர்கள். இருக்கலாம் சார். இப்போதுதானே பேச்சு வந்திருக்கிறது, மனதில் இருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்றாக இருக்கும்.