சிபிகே வீட்டுச் சம்பந்தம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, விசாரணைக்கு வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது. நீங்களும் குடியுங்கள் சாமிகளா, ஆறிவிடும்.

பரமக்குடிப் பக்கம் நெல் ஆராய்ச்சிக் கூடத்தில் தட்டு கழுவுகிற ராமலெட்சுமி நான்தான். சோற்றுத் தட்டு இல்லை, ஈஸ்ட் வளர்க்கிற கண்ணாடித் தட்டு.

நம் கடலோர வயலில் உப்பு ஏறினால் நெல்லுக்குள் கால்சியம் கூடுமாம். அதைக் கண்டு சில புரதங்கள் விழித்துக்கொண்டு மற்றதை உசுப்புமாம். எது எதோடு ஒட்டுகிறது என்று வரைபடம் போடுவதுதான் கலைச்செல்வியின் நாலு வருச ஆராய்ச்சி. அது முடிந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு டாக்டர் பட்டம். இரண்டு ஈஸ்ட்டுக்கு ஆளுக்கொரு நெல் புரதத்தைக் கொடுத்து, இணைசேர விடும். புரதங்கள் ஒட்டினால் தட்டு நீலமாகும்.

"கல்யாணம் பண்ணி வைக்கிறேன்க்கா" என்று சிரிக்கும்.

ஒருநாள் மூடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். சிபிகே ஏழு, சிபிகே பன்னிரண்டு.

"ஏத்தா, சிபிகேன்னா என்ன?"

"குடும்பப் பேருக்கா. நெல்லுல இவுக முப்பது பேரு இருக்காக."

"அப்ப அம்புட்டும் பங்காளிகளா?"

"ஆமா, ஒரே வம்சம்" என்றது, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

தட்டு நல்ல நீலமாக இருந்தது. பங்காளி வீட்டுக்குள்ளேயே பெண் எடுத்திருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆத்திரத்தில் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். தினமும் எல்லாரும் சாப்பிடப் போகிற நேரம், சீட்டுகளை மெல்ல உரித்து மாற்றி ஒட்டினேன். சிபிகே வீட்டார் அத்தனை பேருக்கும் வேறு எழுத்தில் பேர் தொடங்குகிற குடும்பமாகப் பார்த்து முடித்தேன். ஒருவருக்கு நாலு சம்பந்தம் இருந்தது. மூத்ததை மட்டும் விட்டுவைத்தேன். ஆடி பிறந்ததும் புது ஜோடிகளை வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஆடியில் ஒட்டினால் பிள்ளை சித்திரை வெயிலில் அல்லவா பிறக்கும்?

வரைபடம் பத்திரிகையில் வந்தது. வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள் அதே ஜோடிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. கலைச்செல்வி பொய் எழுதிவிட்டது என்று பட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை சுத்தம் சாமிகளா. எழுதிக்கொள்ளுங்கள், இருநூற்றுப் பதினாலு தட்டு, அத்தனையும் நான் மாற்றினது.

மற்றபடி, அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.