கால் முளைத்த ஜன்னல்

— காபி கப்பு. பிடி வலப்பக்கம் இருக்கு. சரிதானே?

— பார்த்தியா டீச்சரம்மா! உன் மூக்குக் கண்ணாடியில கேமரா, முதுகுல பட்டை. கேமரா பார்க்கறது அப்படியே முதுகுல துடிக்குது. கண்ணே வேண்டாம் போ!

— அந்தக் கேமராவக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க.

— எதுக்கு? என்ன இது... டேப்பா?

— காலையில நானே ஒட்டினேன். கறுப்பு மேல கறுப்பு, உங்க கண்ணுக்கே தெரியல. மூடின கேமராவுக்குக் கப்பு எப்படிங்க தெரிஞ்சுது?

— பழைய படம் ஏதாவது உள்ள தங்கியிருக்கும்...

— ஜன்னலும் தங்குமோ? நான் எப்பவும் இதே நாற்காலியிலதான் உக்கார்றேன். நீங்க எதிர்ல உக்காந்தா ஜன்னல் இடப்பக்கம் இருக்கு. என் பக்கத்துல வந்து உக்காந்தா வலப்பக்கம் போயிடுது. அதுக்கென்ன கால் முளைச்சிருக்கா?

— அட போ நீ.

— கடைக் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்னு, எழுத்தத் திருப்பித் திருப்பியே போர்டு எழுதின கை உங்களுது. எதிர்ல இருந்தா சரியா வருது. பக்கத்துல இருந்தாலும் பழக்கதோஷத்துல திருப்பிடுது. போன்லதானே வரையறீங்க?

— ஆமா. பட்டையப் பழகறதுக்குன்னு கம்பெனில போன்ல போட்டுக் குடுத்தாங்க. விரலால வரைஞ்சா உன் முதுகுல விழும். கேமரா ரெண்டாவது மாசமே போயிடுச்சும்மா, பதினோரு மாசமாச்சு. முதல் நாள் என் மூஞ்சியத் தெரிஞ்சுக்கிட்டு சந்தோஷத்துல எப்படி அழுதே! எந்த வாயால சொல்வேன்?

— நான் இல்லாதப்போ பட்டையப் போடாதேன்னு நீங்க சொன்னதும் அதுக்குத்தானா? பதினோரு மாசமா உலகத்தப் பார்க்கறேன்னு பூரிச்சுக் கிடந்தேன். பார்த்ததெல்லாம் உங்க ஆள்காட்டி விரல.

— உன் சந்தோஷத்துக்குத்தான்...

— என் சந்தோஷத்த என்கிட்டயே விடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நம்ம பொண்ணு என்கூடச் சண்டை போட்டுட்டு ஊருக்குக் கிளம்பினாளே, பஸ் ஸ்டாண்டுல சிரிச்சுக்கிட்டே கையாட்டினா. அவ மனசு ஆறிடுச்சுன்னு நம்பித்தான் நான் மன்னிப்பே கேக்கல. அன்னைலேர்ந்து அவகிட்டயிருந்து ஒரு போன் கிடையாது.

— அத விடு இப்ப.

— அவ சிரிக்கலையா?

— சத்தம் வராம அழுதா. உன் கையப் பிடிக்கறதுக்குக் கைய நீட்டிக்கிட்டு, உன் இடப்பக்கம் நின்னா. நீ நிம்மதியா இருக்கட்டும்னு சிரிக்கிற மாதிரி வரைஞ்சேன்.

— என் பக்கத்துல நின்னுக்கிட்டா வரைஞ்சீங்க?

— ஆமா. அவ படம் வலப்பக்கம் விழுந்துடுச்சு. நீ அவளுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, யாருமே இல்லாத பக்கம் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சுக் கையாட்டினே.