பேனருக்குப் பின்னால் ஒரு பலகை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மனைவி டாக்டர் உஸ்மாவை இழந்து நிற்கும் ஜானி பாஷா பாய் அவர்களே, டாக்டரம்மாவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட தாய்மார்களே, வணக்கம்.

நான் மண்ணாங்கட்டி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கற்பூரக் கடை வைத்திருக்கிறேன். இந்த உரையை என் கையாலேயே எழுதினேன். எழுபது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் சேர்ந்து படித்தவன். பேசி முடித்ததும் இந்தத் தாளைப் பாயிடம் கொடுத்துவிடுவேன். பாய், வரிகள் ஏறியும் இறங்கியும் இருக்கும். 'ழ' வரும் இடமெல்லாம் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு எழுத்துகூட இன்னொருவர் போட்டதல்ல! அதைச் சொல்லும்போது இந்தத் துக்கத்திலும் எனக்குச் சந்தோஷம் வருகிறது.

மகப்பேறு மருத்துவர் டாக்டர் உஸ்மா அவர்களைக் கைராசிக்காரர் என்றீர்கள். பொறுமைசாலி என்றீர்கள். சரி. அவர் என் கடைக்கு எதிரே ஒரு பலகை வைத்தாரே, அதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?

ஆஸ்பத்திரி விளம்பரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு ஒரு நாள் கடையில் உட்கார்ந்தபடியே படித்தேன். "கிரிவலம் போவதற்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்." முழுப் பலகையையும் படித்துவிட்டேன்! பெருமை தாங்காமல் என் மகள் அபிநயாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "யப்பா, பௌர்ணமி கிட்ட தேதி வந்தாலே நான் அதைத்தான போட்டுக்கிறேன்" என்றாள்.

கல்யாணமாகி நான்கு வருடம் அவள் குழந்தை வேண்டி மலையைச் சுற்றினாள். ஒரு பௌர்ணமியும் தவறிவிடக் கூடாது என்று அந்த மாத்திரையைப் போட்டாள். குழந்தை கேட்டு நடந்தவள், அந்த நடைக்காகவே உடம்பின் கணக்கைக் கலைத்துக்கொண்டாள். இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? மாத்திரை கொடுத்த கடைக்காரர் சொன்னாரா? மலடி என்று ஏசி, மகனுக்கு வேறு பெண் தேடிய மாமியார் சொன்னாரா?

டாக்டரம்மா சொன்னார், நான் அவளை அழைத்துப் போனபோது. "அது கெட்ட மாத்திரை இல்லம்மா. எப்பவாச்சும் ஒரு தடவை, கேட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆயிடாது. ஆனா உடம்புல ஹார்மோன் ஏறணும், எறங்கணும். எறங்கினாத்தான் விலக்கு வரும், அடுத்த முட்டைக்கு வேலை ஆரம்பிக்கும். நீ அதை எறங்க விடாம புடிச்சிப் புடிச்சி வெச்சா, முட்டை எப்ப வரும்னு நான் எங்க போய்த் தேடுறது?"

"பௌர்ணமி போயிடுமே டாக்டர்?"

"போனா போவுது. அடுத்த வாரம் சுத்து. மலை எங்கயாச்சும் எழுந்து போயிடுமா?"

அன்றுதான் என் மகள் சிரித்தாள்.

பிறகு மாப்பிள்ளையை அழைத்துவரச் சொன்னார். "ஆம்பளைக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" என்று சம்பந்தியம்மா சண்டைக்கு வந்தார். "புள்ளைய ஒருத்தரே பெத்துக்க முடியும்னா நான் ஆஸ்பத்திரிய பூட்டிட்டுப் போயிடுறேங்க" என்றார் டாக்டரம்மா. இரண்டு பேருக்கும் பரிசோதனை நடந்தது. குறை யாரிடம் என்று அவர் வெளியே சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன். வேறு பெண் தேடும் பேச்சு நின்றது.

குழந்தை பிறந்ததா என்கிறீர்களா? இன்னும் இல்லை. பிறந்தால்தான் அவர் சொன்னது சரியா? வைத்தியம் பாதியில் இருக்கும்போது அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

மருந்துக்கடை வல்லரசு அவர்களே! மேடையில் முதல் நாற்காலியில் இருக்கிறீர்கள். கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருக்கிறீர்கள். எங்கே வைத்தீர்கள்? அந்தப் பலகையின் மேலேயே! நீங்கள் அடித்த ஆணியில் பலகை பிளந்து கிடக்கிறது. சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று அவர் உங்கள் கடைக்கே வந்து கேட்டார். "பௌர்ணமின்னா ஜாஸ்தியாதான் போவும் டாக்டர். கேள்வி கேட்டா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க" என்றீர்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். இப்போது அவர் முகத்தை வைத்தே அவர் வாயை மூடிவிட்டீர்கள்! தெரியாமல் நடந்தது என்பீர்களா? பலகையில் என்ன இருந்தது என்று உங்களுக்குப் படிக்கத் தெரியாதா? எனக்கே தெரிகிறதே!

டாக்டரம்மாவுக்கு என் அஞ்சலி இதுதான். நாளை விடிந்ததும் அந்தப் பேனரைக் கழற்றுவேன். அதன் பின்பக்கம் வெள்ளை. அவர் எழுதியதை அப்படியே என் கோணல் எழுத்தில் பெயிண்டால் எழுதி, அதே இடத்தில் கட்டுவேன். ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் அவர் சொல். நடந்து வருகிற பெண்கள் பார்க்கும் பக்கம் சொல்தான் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டுவேன்.

மழை அழித்தால் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். யாராவது கிழித்தால் அதற்கடுத்த வாரமும் எழுதுவேன். மலை எழுந்து போகாது. நானும் போகமாட்டேன்.