கேலனுக்குப் பதினஞ்சு மைல்

இந்தப் பிக்கப் வண்டிய ஓட்டிக்கிட்டு இருந்தது யாருன்னுதான கேக்குறீங்க? என் சம்சாரம்தான், தம்பி. ஜெயலீலான்னு பேரு, நர்ஸு. கடைசியா நான் அவள உசுரோட பாத்தது இந்த வீட்டு வாசல் டிரைவ்வேலதான். நீங்க நிக்கிறீங்கள்ல, அங்கதான் நான் நின்னேன். போன வருசம், எண்பத்தஞ்சு ஜனவரி. காலைல ஆறேகால். வண்டிய ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் எஞ்சின் சூடாகட்டும்னு உக்காந்திருந்தா. வெள்ளை யூனிஃபார்ம் மேல என்னோட பழைய ஜாக்கெட்டு. கண்ணாடிய ரெண்டு வெரக்கடை எறக்கி, ஏங்க, இன்னைக்குப் பெட்ரோல் போடணுமான்னா. ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிருக்கற டேப்பப் பாருன்னேன். பாத்துட்டு, இன்னும் அம்பது மைல் இருக்குன்னா. அப்பறம் என்னன்னேன். கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போயிட்டா.

இல்லல்ல, இது இடிபட்ட வண்டி இல்ல. சுத்தி வந்து பாருங்க. பின்னாடி தொட்டில கொஞ்சம் துரு, அவ்வளவுதான். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல.

பசுபதின்னுதான பேர் சொன்னீங்க? வண்டி விலைக்குன்னு இண்டியன் ஸ்டோர்ல நான் ஒட்டின சீட்டப் பாத்துட்டு ஈஸ்ட் பிரன்ஸ்விக்லேர்ந்து வந்திருக்கீங்க. வந்ததும் வராததுமா, அங்கிள், லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்னு கேட்டீங்க பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முன்னாடி ரெண்டு வெள்ளக்காரங்க வந்தாங்க. எத்தன சிலிண்டர், எவ்ளோ லோடு தாங்கும், அதத்தான் கேட்டாங்க. மைலேஜ் கேக்குறது நம்ம ஆளுங்கதான். இங்க அமெரிக்கால கேலன் கணக்கு தம்பி. கேலனுக்குப் பதினஞ்சு மைல். ஆனா அது ஜூன் மாசத்துப் பதினஞ்சு. அதத்தான் சொல்ல வர்றேன். உங்களுக்கு அவசரம் ஒன்னும் இல்லயே?

நான் காலேஜெல்லாம் போனவன் இல்ல. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தேன். அவளுக்கு இங்க வேல கெடச்சுது, அவ விசாவுலதான் நான் வந்தேன். பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கிட்டு ப்ளேன் ஏறினவன்னு ஊர்ல கேலி பண்ணுவாங்க. ஏறினது நெசந்தான. இங்க வேர்ஹவுஸ்ல மெயின்டனன்ஸ் வேல. அது நடந்து போற தூரம். அதனால வண்டி அவளுக்குத்தான். ஹாஸ்பிடல் இங்கேர்ந்து பதினாலு மைல்.

எண்பத்துநாலு ஏப்ரல்ல இத வாங்கினோம். எல்லாம் நல்லா இருந்துச்சு, பெட்ரோல் முள்ளு மட்டும் வேல செய்யல. ரொப்பினாலும் பாதி, காலியானாலும் பாதி. நான் அத ஒரு கொறயாவே நெனைக்கல. நம்ம ஊர்ல எந்த அம்பாசடர்ல தம்பி முள்ளு வேல செஞ்சிருக்கு? மைல் மீட்டரப் பாத்துத்தான ஓட்டுவோம். பதினாறு கேலன் டேங்க்கு. பதினஞ்சால பெருக்குனா எரநூத்தி நாப்பது. நாப்பதத் தள்ளிட்டு, எரநூறு மைலுக்கு ஒருக்கா ரொப்பணும். ரொப்பினதும் அடுத்து மீட்டர் எந்த நம்பர்ல நிக்கறப்ப போடணும்னு ஒரு டேப்ல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிருவேன். அந்த நம்பர் வர்ற வரைக்கும் நீ கவலயேபடாதேன்னு சொல்லிருந்தேன். அவளும் படல. கோடை முழுக்க ஒரு தடவகூட தப்பல.

டிசம்பர்ல ரொப்பப் போனேன். வழக்கமா பதிமூனு, பதிமூனரைல முடியற டேங்க்கு பதினஞ்சக் குடிச்சுது. இங்க நாம கீழ எறங்கிப் போட முடியாது, பங்க்குல இருக்கறவன்தான் போடுவான். எனக்கு என்ன தோனுச்சு தெரியுமா? பங்க்கு மீட்டர்ல கை வச்சிருக்கான்னு. திருச்சில பாத்துப் பாத்துப் பழகின புத்தி. அளவு கூடுனா பங்க்குக்காரன்தான் திருடன். பாவம், குளிர்ல மூக்கு ஒழுக நின்னுக்கிட்டிருந்தான் அந்த ஆளு. அவன மொறச்சிட்டு வந்து, இனி அந்தப் பங்க்கு வேணாம்னுட்டேன். பங்க்க மாத்துனேன் தம்பி, நம்பர மாத்தல.

அவ கேட்டா. சும்மா சொல்லக்கூடாது, அவதான் கேட்டா. ஏங்க, இந்தக் குளிர்ல எனக்கே ரெண்டாள் பசி பசிக்குது, வண்டி மட்டும் அதே அளவா குடிக்கும்னா. வண்டி என்ன உன்ன மாதிரி மனுசியாடின்னேன். சிரிச்சா. ஃபிட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னா. அவ என்னய ஃபிட்டர்னுதான் கூப்பிடுவா, நக்கலா.

அப்பறமா லைப்ரரிக்குப் போயிப் படிச்சேன். டிக்‌ஷனரிய பக்கத்துல வச்சிக்கிட்டு ரெண்டு மாசம். குளிர்ல ஆயில் கெட்டியாயிரும். எஞ்சின் சூடாகற வரைக்கும் பெட்ரோல் அதிகமா ஊத்தித்தான் எரிய விடும். டயர்ல காத்து எறங்கிரும், உருள்றது கஷ்டம். பத்து நிமிசம் நிக்க வச்சு ஓட விட்டா, ஒரு மைலும் போகாமயே குடிக்கும். அந்தப் பத்து நிமிசமும் நான் சொல்லிக் குடுத்ததுதான். இன்னொன்னு, பிக்கப்புக்குப் பின்னாடி கனம் கெடையாது, பனில பின்பக்கம் ஆட்டிக்கிட்டுப் போகும்னு வேர்ஹவுஸ்ல சொன்னாங்க. கனமா இருந்தா அவளுக்கு நல்லதுன்னு தொட்டில ஆறு மூட்ட மணல் போட்டேன். அதையும் சேத்து இழுக்கணும்ல. எல்லாம் போக எவ்ளோ குடுத்துச்சு தெரியுமா? பதினொன்னு. பதினாறப் பதினொன்னால பெருக்குங்க. நூத்தி எழுவத்தாறு.

நூத்தி எழுவத்தாறாவது மைல்ல நின்னுருச்சு. ஆமா, திரும்பி வர்றப்ப, மத்தியானம் மூனரை மணி. வீட்டுக்கு இன்னும் ரெண்டே மைல். அன்னைக்கு அடிச்ச குளிரு மாதிரி நான் அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாத்ததில்ல. எறங்கி நடந்திருக்கா. பனி ஒதுக்கிக் குவிச்சிருந்ததால ஓரமா எடம் இல்ல, ரோட்டு மேலயே நடந்திருக்கா. பின்னாடி வந்த காருக்காரன் பிரேக் புடிச்சிருக்கான், காரு சறுக்கிருச்சு. சின்னப் பையன். கோர்ட்ல அழுதுட்டான். அவன் மேல எனக்குக் கோவம் இல்ல.

போலீஸ்காரங்க வண்டிய ஒரு யார்டுல விட்டிருந்தாங்க. எடுக்கப் போனப்பதான் டேப்பப் பாத்தேன். என் கையெழுத்து. மீட்டரப் பாத்தேன். ரொப்பறதுக்கு இன்னும் இருவத்திநாலு மைல் பாக்கி.

முள்ளா? அத அடுத்த வாரமே சரி பண்ணிட்டேன். டேங்க்க எறக்கி உள்ள இருக்கற மிதவைய மாத்தணும், அவ்வளவுதான். ரெண்டு மணி நேர வேல. வெயில் காலத்துல பண்ணிக்கலாம்னு வச்சிருந்தேன்.

உங்க வீட்ல மார்ச்ல வர்றாங்களா? அவங்களும் ஓட்டக் கத்துப்பாங்க. அதுக்குத்தான் சொல்றேன். நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பதினொன்னுன்னு வச்சிக்கோங்க. பாதி எறங்கும்போதே போட்டுருங்க. எம் பேச்சக்கூட நம்பாதீங்க.

இல்ல தம்பி, இதெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்ற மாதிரி இல்ல. போலீஸ் பேப்பர்ல, வண்டில பெட்ரோல் இல்லன்னு ஒரே வரிதான் இருக்கு. அடக்கத்துக்கு வந்த சர்ச் ஆளுங்க அவங்களாவே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. ஞானம் அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு, ஜெயலீலாவுக்கு எப்பவும் மறதி ஜாஸ்தி தம்பி, அன்னைக்கு ஹேண்ட்பேக்கையே பூசைல விட்டுட்டுப் போனவளாச்சே, பெட்ரோல் எங்க ஞாபகம் இருக்கப்போகுதுன்னாங்க. சுத்தி இருந்தவங்க தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். அவங்க போறதுக்குள்ள சொல்லிரணும்னு நெனச்சேன். காப்பி குடுத்தாங்க, குடிச்சேன்.

எம் பொண்ணு ஜெயக்குமாரிக்கு அப்பப் பதினேழு. நம்ம பேசறது புரியும், பதில் இங்கிலீஷ்லதான் வரும். அன்னைக்கு சாயங்காலம் கிச்சன்ல வந்து நின்னுக்கிட்டு, டாட், டிட் மாம் ஃபர்கெட்னு கேட்டா. அவ ஒருத்திதான் நேரா கேட்டவ. எஸ்னு சொல்லிட்டேன்.

அம்மா மேல அவளுக்கு ஒரு வருசமா கோவம். போட்டோவக்கூட அவ ரூம்லேர்ந்து எடுத்துட்டா. இவ்ளோ சின்ன விசயத்த மறந்துட்டு எப்பிடி டாட் நம்மள விட்டுட்டுப் போனாங்கறா. நான் டிவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இனிமே போயி எப்படிச் சொல்றது?

இப்ப காலேஜ்ல இருக்கா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வருவா. வந்தா மொத வேலையா இந்த வண்டிய எடுத்துட்டுப் போயி ரொப்பிட்டு வருவா. ரெண்டே கேலன்தான் கொறஞ்சிருக்கும், இருந்தாலும் போவா. ஐ ஆம் நாட் லைக் மாம்னு சொல்லிட்டு சாவிய அந்த ஆணில மாட்டுவா.

ஓட்டிப் பாக்குறீங்களா? தாராளமா. ஞாயித்துக்கெழமதான் வந்துட்டுப் போனா. டேங்க்கு ஃபுல்லா இருக்கு.