சுரண்டாமல் விட்ட பெயிண்ட்

காரின் கூரையில் ஓட்டை போடும்போது அதன் சொந்தக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. டிரில் சத்தம் அவர் மண்டைக்குள்ளேயே கேட்கும். அதனால் என் கடைக்கு வருபவர்களை எதிர்ச் சாரிக்கு டீ குடிக்க அனுப்பிவிடுவேன். தியோடர் சாரையும் அப்படித்தான் அனுப்பினேன். போனவர் எனக்கும் ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

உட்காருங்கள், சேஷகிரி சார். அவருடைய காரை நீங்கள் வாங்கினது சந்தோஷம். கூரையிலிருந்து கழற்றி என் மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பித்தளை வளையம் நான் மாட்டியதுதான். பிரேசர் டவுனில் ஆண்டெனாவை இவ்வளவு நேர்த்தியாக மாட்டுகிறவன் வேறு யாருமில்லை. இல்லை என்று சொன்னால் என் கைக்கே அவமானம்.

நீங்களும் வீட்டிலிருந்தே ஊரோடு பேசுகிற ஹாம் ரேடியோக்காரர், உங்களுக்குத் தெரியாததில்லை. ஓட்டைக்கு அடிப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, தகடு பளபளக்க விடவேண்டும். வளையம் வெறும் தகட்டைத் தொட்டால்தான் மொத்தக் கூரையும் ஆண்டெனாவோடு சேர்ந்து உழைக்கும். தொடாவிட்டால் அடுத்தவர் பேசுவது கேட்கும். நம் குரல் தெருமுனையைத் தாண்டாது. நான் சுரண்டவில்லை. மறதி என்று நினைக்காதீர்கள். இருபத்தாறு வருஷத் தொழிலில் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

குளோரியா அக்காவை உங்களுக்குத் தெரியும். பிசிக்ஸ் டீச்சர், வயது ஐம்பத்திரண்டு. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் அவளும் நானும்தான். அம்மா போனபோது, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று வந்த வரனை வேண்டாம் என்றாள். அப்போது நான் முப்பத்தொரு வயதுக் குழந்தை.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் ரேடியோவைப் போட்டால், மல்லேஸ்வரத்திலிருந்து, மனைவி போய்த் தனியாக இருக்கும் தியோடர் சார் அதில் வருவார். மழை, டிராஃபிக், எந்த ஏரி நிரம்பியது என்று பேசுவார்கள். இரண்டு வருஷம் பேசினார்கள். ஏரியைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பிறகு அவருடைய அபார்ட்மெண்டில் மாடி ஒழுகுகிறது என்று ஆண்டெனாவைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தார்.

"நிரந்தரமா மாட்டிடுங்க ஷெர்வின். காந்தம் வெச்சதெல்லாம் ஸ்பீடு பிரேக்கர்ல விழுந்துடுது."

குறைத்துக் கேட்பார் என்று தாராளமாக ஏற்றித்தான் விலை சொன்னேன். "சரி" என்றார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நான் கடைவீதியில் வளர்ந்தவன். பேரம் பேசாமல் ஒருவர் தலையாட்டினால், அவர் வாங்க வந்தது வேறு சரக்கு.

"என்ன விசேஷம் சார்?"

காது சிவந்துவிட்டது அவருக்கு. "உங்க அக்காகிட்ட கேட்டுட்டேன்."

"என்னத்த?"

"அதத்தான். ஒரு வாரம் நல்லா யோசிங்கன்னாங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அவங்க கூப்பிடுவாங்க. மனசு மாறலேன்னா நான் பதில் சொல்லணும், ஒடனே அவங்க சம்மதம் சொல்லுவாங்க. யாருக்கு மாறிடுச்சோ அவங்க சும்மா இருந்துடணும். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. முகத்துக்கு நேரா யாரும் சங்கடப்பட வேணாம்னாங்க."

எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு, பாருங்கள். இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள். எனக்கு வேலையே வைக்கவில்லை.

அவர் டீ குடித்துத் திரும்புவதற்குள் மாட்டிவிட்டேன். கடைக்குள்ளிருந்து ஒரு வாக்கி டாக்கியில் பேசிக் காட்டினேன். ஆறடி தூரத்தில் தெளிவாகத்தான் கேட்டது. "மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?" என்றார். "பாத்தேன் சார், பக்கா" என்றேன். இந்த விஷயத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

புது வேலை, ஏதாவது கோளாறு வந்தால் பக்கத்தில் இருங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார். மல்லேஸ்வரம் மைதானத்து ஓரம் காரை நிறுத்தினோம். ரேடியோவில் பேச இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக வந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். சரியாக ஆறு மணி. அக்காவின் குரல், காருக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

"இருக்கேன் குளோரியா. மனசு மாறல" என்றார்.

அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர் மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரி. தேங்க்ஸ்" என்று அணைத்துவிட்டாள்.

"அவங்களுக்குக் கேக்கலையோ?"

"டெஸ்ட் பண்ணப்ப கேட்டுச்சே சார். அக்காவுக்கு நேரா வேணாம்னு சொல்ல வராது. காதுல விழாத மாதிரி விட்டுட்டா."

மைக்கைத் துடைத்து அதன் கொக்கியில் மாட்டினார். "நீங்க கூட இருந்தது நல்லதாப் போச்சு தம்பி" என்றார். தம்பி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போனால் அக்கா முகம் கழுவிவிட்டு, மட்டன் உருண்டைக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளைத் தேற்றுவதற்காக வழக்கத்தைவிட இரண்டு உருண்டை கூடச் சாப்பிட்டேன்.

ஜனவரியில் அவர் மனசு கேட்காமல் உங்கள் வீட்டு மாடிக்கு வந்து, உங்கள் ஆண்டெனாவில் நாலு ஞாயிறு கூப்பிட்டாரே, பதில் வரவில்லையே, அதற்கும் பெயிண்டுக்கும் சம்பந்தமில்லை. அவர் வரப்போகிறார் என்று நீங்கள்தான் கடையில் வாய்தவறிச் சொன்னீர்கள். அன்றைக்கே எங்கள் மாடிக்குப் போய் அக்காவின் ஆண்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டேன், இன்னும் மாட்டவில்லை. இடி, மின்னல் என்று காலம் கெட்டுக் கிடக்கிறது. ஜனவரியில் பெங்களூரில் ஏது இடி என்பீர்கள். ஜாக்கிரதைக்கு மாசக் கணக்கு உண்டா, சார்?

அவளுக்குத் தெரியாது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் மைக்கைத் தொடுவதில்லை. கேட்பதோடு சரி.

திங்கட்கிழமை அவர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார், அதற்குள் அக்காவிடம் சொல்லிவிடு என்கிறீர்கள். சொல்லலாம். ஆனால் அவள் எங்கள் வீட்டில் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள் என்று பார்க்காமல் பேசாதீர்கள். இந்த ஞாயிறு சாப்பிட வாருங்கள். அவள் கைக்குழம்பை ஒருவாய் சாப்பிட்டுவிட்டு, நான் செய்தது தப்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மத்தியானமே வந்துவிடுங்கள், சார். ஆறு மணி ஆனால் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.